நடந்து சென்ற ஆலயம்: பாலைவனக் கூடாரமும் நம் தோட்டக் கோயில்களும்

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்குக் கோயில் இடம் பெயர்வது புதிய செய்தியன்று. பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோதும், லயத்து மக்களோடு பல மாரியம்மன் கோயில்களும் பெயர்ந்தன. சுங்கை சிப்புட் அருகே நான் பிறந்த தோட்டத்துக் கோயிலும் அவற்றுள் ஒன்று. “மண்ணே போன பிறகு கோயில் ஏதுய்யா?” என்று என் பாட்டி கேட்பார். அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் யூதர்களின் பாலைவனக் கூடாரத்தைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

கூடாரத்தின் அமைப்பு

எகிப்தில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்ததாக யூத மறைநூல் கூறுகிறது. அக்காலத்தில் அவர்களின் வழிபாட்டிடம் ஒரு கூடாரம். எபிரேய மொழியில் அதன் பெயர் ‘மிஷ்கான்’. தங்குதல், குடியிருத்தல் எனப் பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. தமிழ் விவிலியம் அதனை ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்கிறது.

நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமும் கொண்ட முற்றம். அதனுள் பொன் வேய்ந்த பலகைகளாலும் நெய்த திரைகளாலும் நிறுத்திய கூடாரம். உள்ளறையில் பத்துக் கட்டளைகள் பொறித்த கற்பலகைகளைத் தாங்கிய உடன்படிக்கைப் பெட்டி. கூடாரத்தின் மேலிருக்கும் மேகம் எழுந்தால் மக்கள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு புறப்படுவர். மேகம் தங்கும் இடத்தில் மீண்டும் நிறுத்துவர். திரைகளும் பலகைகளும் மாட்டு வண்டியில் செல்லும். பெட்டியைத் தோளில்தான் சுமக்க வேண்டும். அதன் வளையங்களில் செருகிய தண்டுகளை, கூடாரம் நிலைத்து நிற்கும் நாளிலும் கழற்றக் கூடாது என்பது விதி.

இது நமக்கு அந்நியமானதா? நம் மரபிலும் உற்சவ மூர்த்தி தண்டுகளின் மேல் வீதிக்கு வருகிறார். சுமப்போருக்குச் சீர்பாதந்தாங்கிகள் என்று பெயர். திருப்பணியின்போது மூலவரின் ஆற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைத்து வழிபடுகிறோம். தெய்வம் பயணம் செய்யும் என்பதை நம் ஆகம மரபும் ஏற்கிறது.

உட்பொருள்

கூடாரத்தை அமைக்கச் சொன்ன இறைவன், அதற்குள் குடியிருப்பேன் என்று கூறாமல், மக்கள் நடுவே குடியிருப்பேன் என்றே கூறியதாக யூத அறிஞர்கள் சுட்டுவர். பின்னாளில் எருசலேமில் கல்லால் கட்டிய ஆலயத்தைக் கி.மு. 586-இல் பாபிலோனியர் இடித்தனர்; இரண்டாம் ஆலயத்தைக் கி.பி. 70-இல் உரோமர் அழித்தனர். அப்போது அச்சமயத்தைக் காத்தது கூடாரத்தின் கருத்தே. சிதறிய மக்களோடு இறைவனின் இருப்பும் நாடு கடந்து சென்றது என்று அவர்களின் ஆசான்கள் போதித்தனர். அவ்விருப்பைக் குறிக்கும் ‘ஷெகினா’ என்ற சொல்லும் மிஷ்கான் பிறந்த அதே வேரிலிருந்து வந்ததே.

ஆயினும், “கோயில் நகரக்கூடியதுதானே” என்று நம்மிடம் எவரும் எளிதாகச் சொல்லிவிட இது இடந்தராது. அவர்களின் கூடாரம் நகர்ந்தது மேகம் எழுந்ததால்; நம் கோயில்கள் நகர்ந்தது நிலம் விற்கப்பட்டதால். தோட்டக் கோயில்கள் பலவற்றுக்குத் தம் பெயரில் நிலப்பட்டா இருந்ததில்லை. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இக்காரணத்தால்தான்: நிலம் நம்முடையதாக இருந்தால்தான் நிலைக்க முடியும்.

நாம் செய்ய வேண்டியது

கூடாரத்தைப் பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரு கணக்கேடு. எவ்வளவு பொன், எத்தனை திரை, செய்த கைவினைஞர் யார் என்றெல்லாம் அதில் உண்டு. செல்வரும் ஏழையரும் ஒரே அளவாக அரைச் சேக்கல் வெள்ளி கொடுத்ததும், அவ்வெள்ளியிலிருந்து பலகைகளைத் தாங்கும் பாதங்கள் வார்க்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. கூடாரம் மறைந்தும் ஏடு இருக்கிறது.

நம் பாட்டன்மாரும் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி பிடித்துத்தான் கோயில் கட்டினார்கள். அந்தக் கணக்கு எங்கே? மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் தோட்டக் கோயில் எந்த ஆண்டு, யாரால், எங்கே எழுப்பப்பட்டது, எப்போது பெயர்ந்தது என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள்.