தபால்காரர் மூர் கொண்டுசென்ற கடிதம்

கையிலுள்ள கடிதம் உரியவரிடம் சேர்ந்தே தீரவேண்டும் என்பது தபால்காரனுடைய தருமம். மழை வெயில் பாராமல் வீடுதோறும் சென்று கதவைத் தட்டும் இந்த எளிய ஊழியரைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் எழுதுவது அபூர்வம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துத் தபாற்சேவகரான வில்லியம் லூயிஸ் மூர் என்பவரைப் பற்றியோ எழுதாமல் இருக்க முடியாது.

மூர் வெள்ளையர். 1927-ம் வருஷம் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள பிங்ஹாம்டனில் பிறந்தார். பாலப் பருவத்தில் சில காலம் தெற்கே மிஸிஸிப்பியில் வளர்ந்தார். அங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறொரு பள்ளிக்கூடம் என்றிருந்த அநீதியைக் கண்ணாரக் கண்டார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது மரீன் என்னும் கடற்சேனையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்தபின் மேற்படிப்புப் படித்து வருகையில் சித்தக் கலக்கம் ஏற்பட்டு, மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க நேர்ந்தது. குணமடைந்து வெளிவந்தவர் அதை மறைக்கவில்லை. தம் அனுபவத்தை 1955-ல் புஸ்தகமாகவே எழுதி வெளியிட்டார். பிற்பாடு மணம் புரிந்து, மனைவிக்கு முந்திய மணத்தில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கும் தகப்பனானார். தபால் இலாகா உத்தியோகத்தின் நிமித்தம் பால்டிமோரில் தாம் தனியே வசிக்க, குடும்பம் பிங்ஹாம்டனில் இருந்தது.

நிறபேதத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த 'கோர்' என்னும் சங்கத்தில் அவர் சேர்ந்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைக் கைக்கொண்டு 1942-ல் தோன்றிய சங்கம் அது. ஆனால் மூரின் வழி தனிவழி. கோஷ்டியும் கொடியுமின்றி, கடிதம் எழுதி அதைத் தாமே நடந்து கொண்டுபோய்க் கொடுப்பார். முதலில் தமது ராஜ்யத் தலைநகருக்கும், அடுத்தபடி வாஷிங்டனில் ஜனாதிபதி மாளிகைக்கும் நடந்தார். மூன்றாவது கடிதம் மிஸிஸிப்பி கவர்னர் ராஸ் பார்னெட்டுக்கு. 1962-ல் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பு மாணவரைச் சர்வகலாசாலையில் சேர்க்கவொட்டாமல் பிடிவாதம் பிடித்து, இரண்டு உயிர்கள் பலியான கலகத்திற்கு இடங்கொடுத்தவர் அந்தக் கவர்னர். அவருடைய மனம் இளகும் என்று நம்புவதற்கு ஒரு தபால்காரரால்தான் முடியும்!

தமக்குக் கிடைத்த லீவு நாட்களில், 1963 ஏப்ரல் மாதம் 21-ந் தேதி, சட்டனூகா என்ற ஊரிலிருந்து சுமார் 400 மைல் தூரமுள்ள ஜாக்ஸனை நோக்கி மூர் கால்நடையாகப் புறப்பட்டார். முன்னும் பின்னும் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் சம உரிமை வேண்டுமென்றது ஒரு பலகை. போஜன சாலையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உண்ணட்டும் என்றது மற்றொன்று. சாமான்களைச் சிறு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்றார். வழியில் சிலர் வைதார்கள், சிலர் வாதாடினார்கள். யாருக்கும் அவர் பணிவாகவே பதில் சொன்னார்.

23-ந் தேதி மாலை அலபாமா ராஜ்யத்தில் அட்டாலா என்னும் ஊருக்கருகே ஒரு ரேடியோ நிருபர் அவரைக் கண்டு பேசினார். அதற்குப்பின் ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை. அவ்வழியே வந்த மோட்டார்க்காரர் ஒருவர் கண்டது, சாலையோரத்தில் தலையில் குண்டு பாய்ந்து கிடந்த மூரின் பிரேதத்தை. முப்பத்தாறு வயது பூர்த்தியாக இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

பெண்டு பிள்ளைகளை உடையவர் இப்படித் துணிந்து போகலாமா என்று கேட்பவர் உண்டு. நேயர்களிலும் சிலர் கேட்கக்கூடும். யுத்தத்திற்குப் போகும் சிப்பாயிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி ஏந்திப் போனால் கடமை, கடிதம் ஏந்திப் போனால் பித்து என்று சொல்லும் நியாயம் நமக்கு விளங்கவில்லை.

ஜனாதிபதி கென்னடி மறுநாளே இந்தக் கொலையை வன்மையாகக் கண்டித்தார். துப்பாக்கி இன்னாருடையது என்று துப்பறிந்தார்கள், அதற்குரியவர் கைதானார். அன்று பகலில் மூரோடு வழியில் வாதாடியவர் அவர். ஆனால் உள்ளூர்க் கிராண்டு ஜூரி குற்றஞ்சாட்ட மறுத்துவிட்டது. விசாரணை நடந்து ஒருவர் விடுதலையானால் அதற்கு நாம் தலைவணங்க வேண்டும். இங்கே வழக்கு விசாரணை மன்றத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. சாட்சியத்தைப் பகிரங்கமாகச் சோதிக்க ஒரு சந்தர்ப்பமே இல்லாமற்போயிற்று. சட்டத்தின் பேரால் நடந்த இந்தக் காரியத்தைச் சட்டம் படித்த எவரும் வெட்கமின்றிப் படிக்க முடியாது.

மூரின் நடையைத் தொடர, கறுப்பரும் வெள்ளையருமாகத் தொண்டர்கள் அடுத்த மாதமே புறப்பட்டார்கள். அலபாமா எல்லையில் அவர்களைக் கைதுசெய்தார்கள். பொது இடங்களில் நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் 1964-ல் நிறைவேறியது. மூரின் பெயர் மாண்ட்கோமரி நகரத் தியாகிகள் ஞாபகச் சின்னத்தில் பொறிக்கப்பட்டது.

அவருடைய உடைமைகளில் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தார்கள். அதில் வசைமொழி ஒன்றுமில்லை. எல்லா மனிதருக்கும் உரிமை கிட்டும்வரை வெள்ளையரும் மெய்யாகச் சுதந்திரர் ஆகமாட்டார் என்றும், கேட்பதைக் காட்டிலும் அதிகமாகவே கொடுக்கும் பெருந்தன்மை கவர்னருக்கு வேண்டுமென்றும் எழுதியிருந்தார். 2008-ல் இருவர் அந்த வழியே நடந்து, கடிதத்தின் பிரதியொன்றை ஜாக்ஸனுக்குக் கொண்டுசென்றார்கள். அப்போதிருந்த கவர்னரும் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை.