உத்தியோகமும் உள்ளத்தின் நாட்டமும்

பரீட்சை முடிவு வெளியானதும் நம் வீடுகளில் எழும் கேள்வி, "பிள்ளையை எதில் சேர்ப்பது?" என்பதே. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று விசாரிப்போர் அபூர்வம். (கேட்டாலும் அவன் விழிக்கத்தான் செய்வான் என்பது வேறு விஷயம்!)

சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் பயின்ற ஸ்ரீ சி. வி. ராமன், 1907-ல், 18-ஆம் பிராயத்தில், கல்கத்தாவில் ஸர்க்கார் கணக்கு இலாகா அதிகாரியாக அமர்ந்தார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அக்காலத்தில் ஏது வழி? ஆனால், பௌபஜார் தெருவில், மகேந்திரலால் ஸர்க்கார் 1876-ல் ஸ்தாபித்த விஞ்ஞான சங்கம் அவர் கண்ணில் பட்டது. காரியாலயம் செல்லுமுன் காலையிலும், திரும்பியபின் இரவிலும் அங்கே ஆராய்ச்சி, பகலெல்லாம் கணக்கு. நடுவே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானபோதும் நாட்டம் மாறவில்லை.

வாழ்வின் லட்சியம் இன்னதென்று இளம் வயதிலேயே பிரகடனம் செய்யும்படி மாணாக்கரை வற்புறுத்துவது வீண் ஹிம்சை என்றே நாம் கருதுகிறோம். சம்பளமும் மார்க்கும் கிட்டாத வேளையில் அவர்கள் எதைத் தேடி ஓடுகிறார்கள் என்று பெற்றோர் கவனிக்கட்டும்.

1917-ல் கல்கத்தா ஸர்வகலாசாலை பாலித் பேராசிரியர் பதவியை அளித்தபோது, சம்பளம் குறைவாயிருந்தும் ராமன் உத்தியோகத்தை உதறினார். வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வரவேண்டுமென்ற நிபந்தனைக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. ஸர்வகலாசாலைதான் இணங்கிற்று! 1930-ல் நோபல் பரிசைத் தேடித் தந்த கண்டுபிடிப்பு, 1928-ல், அதே பௌபஜார் கட்டிடத்தில் நிகழ்ந்தது.