பொன் விளிம்பிட்ட ஹாலி

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்து மடல்களில் நாம் ஆண்டுதோறும் காணும் இலை ஒன்று உண்டு. ஓரமெங்கும் முள் நிறைந்து, அலையலையாய் நெளிந்து, எண்ணெய் பூசினாற்போல் மினுமினுக்கும் கரும்பச்சை இலை. அதனிடையே குன்றிமணி போலச் சிவந்த கனிகள் இரண்டு மூன்று. விண்மீன், மணி, மெழுகுவர்த்தி ஆகியவற்றோடு இந்த இலையையும் அச்சகத்தார் தவறாது சேர்த்துவிடுகின்றனர். ஓவியரின் கற்பனை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் அது ஐரோப்பாவின் மேற்கிலும் தெற்கிலும் இயல்பாய் வளரும் ஹாலி என்னும் மரத்தின் இலை.

வண்ணப்பொடி தூவும் ஹோலிப் பண்டிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'தூய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடும் உறவில்லை. குத்துதல் என்னும் பொருளுடைய பழைய வேர்ச்சொல்லினின்று வந்த பெயர் இது என்று மொழியறிஞர் கூறுவர். ஆயினும் மறைக்கு இம்மரம் முற்றும் அயலானதன்று. டென்மார்க்கு நாட்டார் இதனைக் 'கிறிஸ்துவின் முள்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 'குத்தும் குருத்தோலை' என்பதாகும். ஈந்தும் தென்னையும் வளராத அந்நாட்டில், குருத்து ஞாயிறன்று மக்கள் ஓலைக்கு மாற்றாகக் கையில் ஏந்தியவற்றுள் ஹாலிக் கிளையும் ஒன்று.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்தக் கரும்பச்சை ஹாலியின் உடன்பிறப்பாகிய இருநிற ஹாலியை. இலையின் நடுவே பச்சை, ஓரத்தில் பொன் அல்லது வெள்ளி என்று கரையிட்ட சேலை போலத் தோன்றும் வகை அது. இங்கிலாந்துத் தோட்டச் செடியைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று வாசகர் வினவலாம். நம் பங்குகளிலிருந்து செவிலியராகவும் பொறியாளராகவும் அங்குச் சென்று குடியமர்ந்த குடும்பங்கள் இன்று பல. யாழ்ப்பாணத்தினின்று சென்றோரும் மிகுதி. அவர்கள் சொந்த வீடு வாங்கும்போது, வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலமும், அதன் மூலையில் யாரோ முன்னர் நட்டுச் சென்ற ஒரு ஹாலியும் சேர்ந்தே கைக்கு வருவதுண்டு. முள் குத்துகிறதென்று அதனை வேரோடு அகழ்ந்துவிட்டால், அதே அளவு செடியை மீண்டும் காணப் பிள்ளைகள் பெரியவர்களாக வேண்டும். அவ்வளவு மெல்ல வளரும் செடி இது.

அந்நாட்டுக் குளிர்காலத்தை அறிந்தோர்க்கே இச்செடியின் அருமை விளங்கும். இலண்டனில் டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். பெரும்பாலான மரங்கள் இலையுதிர்த்து எலும்பாய் நிற்க, பச்சை ஹாலியும் அந்த மங்கிய ஒளியில் கருமையாகவே தோன்றும். பொன் விளிம்பிட்ட ஹாலி ஒன்று மட்டும் அங்கு நின்றால், தோட்டத்தின் அம்மூலையில் வெயில் விழுந்தாற்போல் இருக்கும்.

பலநிற இலை நமக்குப் புதியதன்று. ஆலய முற்றங்களிலும் பள்ளி வாயில்களிலும் குரோட்டன் செடிகளை நாம் நெடுங்காலமாக வளர்த்து வருகிறோம். ஆயினும் ஹாலியின் இருநிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொள்வது நன்று. அதன் வளர்ப்பு முறை முழுவதும் இதைப் பொறுத்தே உள்ளது. செடியின் வளர்நுனி ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த சில உயிரணுப் படலங்களால் ஆனது. அவற்றுள் ஒரு படலம் மட்டும் பச்சையத்தை ஆக்கும் ஆற்றலை இழந்துவிடுமாயின், அதனின்று உருவாகும் இலைப்பகுதி வெளுத்துவிடுகிறது. அவ்வெளுப்பையே நாம் பொன் என்றும் வெள்ளி என்றும் போற்றுகிறோம். பச்சையம் இல்லாத இடத்தில் இலை தனக்கு உணவு சமைத்துக்கொள்ள இயலாது. ஆகவே அழகுக்காக அச்செடி வளர்ச்சியில் விலை கொடுக்கிறது. பச்சை ஹாலியே மெல்ல வளர்வது; இருநிற ஹாலி ஆண்டுக்கு ஒரு சாண் உயர்ந்தாலே நிறைவு கொள்ள வேண்டும்.

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். பொன் விளிம்புக் கிளைகளின் நடுவே ஒரு நாள் முழுப் பச்சையான தளிர் ஒன்று எழும். செடி தெளிந்துவிட்டது, உரம் பிடித்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வர். கேடு தொடங்கியது அப்போதுதான். முழுப் பச்சை இலை முழு அளவில் உணவு சமைக்கும். அருகிலுள்ள கரையிட்ட இலைகளோ குறைவாகவே சமைக்கும். எனவே பச்சைக் கிளை முந்திக்கொண்டு ஓங்கி, சில ஆண்டுகளில் மேலே கரும்பச்சைக் குடையாய் விரிந்துவிடும். பொன் இலைகள் அதன் நிழலில் நலிந்து ஒடுங்கும். பின்னர் வருவோர், இது முன்பு இருநிறச் செடியாய் இருந்ததென்று சொன்னாலும் நம்பார்.

அத்தகைய தளிரைக் கண்ட அன்றே நீக்கிவிட வேண்டும். நுனியைக் கிள்ளினால் போதாது. கீழ்க்கணுக்களினின்று மீண்டும் பச்சைத் தளிர்களே கிளைக்கும். தோன்றிய இடத்திற்கே சென்று, தாய்க்கிளையை ஒட்டி, அடியோடு வெட்ட வேண்டும். ஒட்டுக் கட்டிய செடியாயின் அடிக்கட்டையினின்றும் பச்சைத் தளிர்கள் புறப்படும். அவற்றையும் விட்டுவைத்தல் ஆகாது. இலையின் ஓரத்தில் பச்சையும் நடுவில் பொன்னுமாய் அமைந்த வகைகள் இவ்வாறு பச்சைக்குத் திரும்புவதில் மிக விரைவானவை. 'கோல்டன் மில்க்பாய்' அவற்றுள் ஒன்று. காண்பதற்கு அழகே, ஆயினும் அடிக்கடி தோட்டத்தைச் சுற்றிவர நேரமில்லாதவர்க்கு அதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்த ஏமாற்றம் கனியில் வருகிறது. பனையில் ஆண்பனை, பெண்பனை என்று இருத்தலை நாம் அறிவோம். ஹாலியும் அவ்வாறே. பெண்செடியே கனி தரும். அதுவும் அருகில் ஆண்செடி ஒன்று பூத்துத் தேனீக்கள் மகரந்தம் கொணர்ந்தாலன்றிப் பெரும்பாலும் தராது. இதில் வேடிக்கை யாதெனில், செடிகளுக்குப் பெயரிட்டவர்கள் பாலைக் கருதிப் பார்க்கவேயில்லை. 'கோல்டன் கிங்', அதாவது பொன் அரசன், பெண்செடி! 1884-ஆம் ஆண்டு எடின்பரோ நகரத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் பச்சை ஹாலி மரத்தில் தற்செயலாய்க் கிளைத்த பொன்னிறக் கிளையினின்று வந்தது அது. 'சில்வர் குவீன்' என்னும் வெள்ளி அரசியும், 'கோல்டன் குவீன்' என்னும் பொன் அரசியும் ஆண்செடிகள். அரசியர் இருவரை அருகருகே நட்டுவிட்டுப் பத்து ஆண்டுகள் கனிக்காகக் காத்திருந்தாலும் ஒன்றும் விளையாது. கனி வேண்டுவோர் பொன் அரசனையோ, 'மேடம் பிரியோ', 'ஹாண்ட்ஸ்வர்த் நியூ சில்வர்' போன்ற பெண்வகைகளையோ நட்டு, வெள்ளி அரசியைத் துணையாக வைக்கலாம். அண்டை வீட்டில் ஆண் ஹாலி நிற்குமாயின் அதுவும் போதும். ஒரு செடிக்கே இடம் உள்ளோர்க்கு 'ஜே. சி. வான் டால்' என்னும் வகை உண்டு. அது ஆண்செடியின் துணையின்றியே காய்க்கும். ஆனால் அதன் இலை முழுப் பச்சை.

முள்ளைப் பற்றிக் குறை கூறுவோர் பலர். மரம் உயர்ந்த பின் ஏணி வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பைக் காணலாம்: கீழ்க்கிளைகளில் முள் மிகுதி, மேலே செல்லச் செல்ல இலைகள் முள்ளின்றி வழுவழுப்பாகின்றன. வட இங்கிலாந்தில் முற்காலத்து மேய்ப்பர்கள் கடுங்குளிரில் இம்மேற்கிளைகளை வெட்டி ஆடுகளுக்குத் தீனியாக இட்டனர். மான் முதலிய விலங்குகள் கடித்த கிளைகளில் புதிய இலைகள் மிகுந்த முள்ளோடு வருகின்றன என்பதையும், அப்போது இலையின் மரபணுக்களின்மீது வேதிக் குறிகள் சில மாறுகின்றன என்பதையும் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். ஓயாது கத்தரித்து வேலியாக வைக்கப்படும் ஹாலி முள்ளோடு இருப்பதில் வியப்பில்லை. 'ஃபெராக்ஸ் ஆர்ஜென்டியா' என்னும் வெள்ளி வகையில் முட்கள் விளிம்போடு நில்லாமல் இலையின் மேற்பரப்பிலும் எழுகின்றன. முள்ளெலி என்றே அதற்கு ஒரு பெயர்.

ஹாலி வேலியின் பெருமையைச் சொல்ல ஒரு வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் இலண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டில் தம் தோட்டத்தில் சுமார் 400 அடி நீளமும் 9 அடி உயரமும் 5 அடி கனமும் உடைய ஹாலி வேலி ஒன்றை வளர்த்திருந்தார். கப்பல் கட்டும் கலையைக் கற்க 1698-இல் அங்கு வந்த ரஷ்யப் பேரரசர் பீட்டர் அவ்வீட்டில் தங்கினார். தம்மைத் தள்ளுவண்டியில் வைத்து வேலிக்குள் பாய்ச்சச் சொல்லி அவர் விளையாடினார் என்பர். விளையாட்டு எவ்வாறாயினும், தோட்டம் பாழாயிற்று என்று ஈவ்லினே தம் நூலில் மனம் நொந்து எழுதியுள்ளார். அரசு இழப்பீடு வழங்க நேர்ந்தது. விருந்தினர் பேரரசரேயானாலும் தோட்டக்காரனுக்கு நெஞ்சு வலிக்கத்தானே செய்யும்!

நடுவதற்கு வருவோம். ஹாலி மண்ணை அதிகம் தேர்ந்தெடுப்பதில்லை. நீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது. நகரப் புகையையும் கடற்காற்றையும் தாங்கும். நிழலிலும் உயிர் வாழும். ஆயினும் இருநிற வகைக்கு நல்ல ஒளி தேவை, இல்லையேல் நிறம் மங்கும். வேர் கலைந்தால் பொறுக்காது. ஆகவே பெரிய செடியைக் கண்டு ஆசைப்படாமல், சிறு செடியை வேர்மண் உதிராமல் நட்டு, முதல் இரு கோடைகளில் நீர் ஊற்றி, மட்கிய இலைகளால் மூடாக்கு இடுதல் நலம். வேலிக்கு ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளி விடலாம். கோடையின் இறுதியில் ஒரு முறை கத்தரித்தால் போதும். அளவு மீறிக் கத்தரித்தால் அடுத்த ஆண்டின் பூவும் கனியும் குறையும்.

இருநிறச் செடிகளை வரிசையாக நட்டு நீண்ட வேலி அமைப்பதை நாம் விரும்புவதில்லை, கண் களைத்துவிடும். அடர்பச்சையான பின்புலத்தின் முன் ஒன்றே ஒன்று, கூம்பு வடிவில் நிற்பதே அழகு. பொன்னையும் வெள்ளியையும் அருகருகே வைத்தால் இரண்டும் சோபை இழக்கும். தாழ்ந்த சன்னலின் கீழ் நட்டால் கள்வர்க்குத் தடையாகவும் அமையும். பல வகைகளையும் நேரில் கண்டு தேர்வு செய்ய விரும்புவோர் கியூ தாவரவியல் பூங்காவுக்குச் செல்லலாம். ஜோசப் ஹூக்கர் 1874-இல் அமைத்த ஹாலி நடைபாதை அங்கு உள்ளது.

நம் சமவெளி வெப்பத்தில் இதனை வளர்க்க முயல்வது வீண். ஆனால் இதன் உறவினர் நம்மிடமும் உண்டு: நீலகிரிச் சோலைகளில் இலெக்ஸ் வைட்டியானா முதலிய சில மரங்கள் இதே இனத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் வான்கூவர்ப் பகுதியிலும் வாழ்வோர் வேறொன்றைக் கருத வேண்டும். அங்கு ஐரோப்பிய ஹாலி அயற்செடி. பறவைகள் விதையைப் பரப்ப, அது காடுகளுக்குள் புகுந்து இயற்கைச் செடிகளை நெருக்குகிறது. அங்குள்ளோர் கனி தரும் வகையைத் தவிர்ப்பதே முறை.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு ஓர் எச்சரிக்கை. செந்நிறக் கனி பறவைக்கு உணவு, மனிதர்க்கு ஆகாது. உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்கிளைகளில் கனிகளைப் பறித்துவிட வேண்டும். உதிர்ந்த இலைகளும் காய்ந்தபின் முன்னிலும் கொடிதாய்க் குத்தும். வெறுங்கையால் களை பறிப்பது கூடாது. இலையில் வெளிறிய கோடுகளும் கொப்புளம் போன்ற புள்ளிகளும் கண்டால் அஞ்ச வேண்டாம்; இலைக்குள் துளையிடும் சிறு ஈயின் புழு அது, மரத்தைக் கெடுப்பதில்லை. கனி பழுத்தபின், பாடும் பறவை இனத்ததாகிய பெரிய திரஷ் ஒன்று குளிர்காலம் முழுதும் மரத்தைத் தனதாக்கிக்கொண்டு பிற பறவைகளை விரட்டுவதைக் காணலாம். விழாவுக்குக் கிளை வேண்டுவோர் முன்னதாகவே சிலவற்றை வலையிட்டுக் காத்துக்கொள்வர்.

செடியைப் பெருக்க விதை உதவாது. விதை முளைக்கவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். முளைப்பதும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். நம் ஊரில் கிளுவையும் பூவரசும் போத்து வைத்து வளர்ப்பது போல இதற்கும் போத்தே வழி. கோடை முடிவில், அவ்வாண்டு வளர்ந்து பாதி முற்றிய, பொன்னும் பச்சையும் சமமாய் அமைந்த கிளையைத் தேர்ந்து, அடிப்பட்டையோடு ஒரு விரல் நீளம் கிழித்தெடுத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, ஈரம் காயாமல் நிழலில் வைக்க வேண்டும். வேர்விடப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அசைத்துப் பார்க்கக் கூடாது. ஓரிரு ஆண்டுகள் தொட்டியில் வளர்ந்தபின், அதனைத் தரையில் நடலாம்.