பைக்கில் குழந்தையை ஏற்றுகிறீர்களா? கிளம்பும் முன் இரண்டு நிமிடம் இதைப் படியுங்கள்!

காலை எட்டரை மணிக்கு உங்கள் ஊரில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் அம்மா ஓட்ட, முன்னால் கால் வைக்கும் இடத்தில் நின்றபடி எல்.கே.ஜி வரும். பின்னால் மூன்றாம் வகுப்பு, முதுகில் தன்னைவிடப் பெரிய பையோடு உட்கார்ந்திருக்கும். அடுத்த பைக்கில் அப்பா. டேங்க் மேல் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் மடியில் கைக்குழந்தையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மா. ஹெல்மெட் எத்தனை தலையில் இருக்கிறது என்று எண்ணினால் அப்பாவோடு கணக்கு முடிந்துவிடும். சில நேரம் அதுவும் கண்ணாடியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கும்.

'குழந்தையோட போறதுன்னா கார்ல போங்க' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு டூவீலர்தான். பள்ளிக்கூடம், தடுப்பூசி, சொந்தக்காரர் கல்யாணம், குலதெய்வம் கோயில் என எல்லாவற்றுக்கும் அதுதான். எனவே 'ஏற்றாதீர்கள்' என்பதைவிட, 'எப்படி ஏற்றுவது' என்று பேசுவதுதான் உபயோகம்.

முதலில் ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவிகிதம் பேர் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள்கூட இல்லை, உடன் உட்கார்ந்து வந்தவர்கள். 'ஓட்டுறவங்க போட்டா போதும்' என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு இந்த ஒரு எண் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவுப்படி, 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். (தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு.) யு.கே.ஜி படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்க முடியும்.

அப்படியானால் 4 வயதுக்குக் கீழே? அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 பிப்ரவரி 15-ம் தேதி மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறை. விதி வந்த விஷயமே பல பெற்றோருக்குத் தெரியாது என்பது வேறு கதை. அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்குப் பொருத்தமான ஹெல்மெட். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட். அந்தக் குழந்தை வண்டியில் இருக்கும்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

40 என்ன கணக்கு என்று கேட்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது இரண்டாவது மாடி. 60-ல் போனால் அது 14 மீட்டர், நான்காவது மாடியையும் தாண்டிய உயரம். 20-ல் என்றால் ஒன்றரை மீட்டர் சொச்சம். பள்ளிக்கூடத் தெருவில் பத்து நிமிடம் தாமதம் என்று முறுக்கும்போது இந்த மாடிக்கணக்கு ஞாபகத்தில் இருந்தால் போதும். என்னைக் கேட்டால் 40 என்பது உச்சவரம்புதான். தெருவுக்குள் அதுவும் அதிகம்.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது அல்ல

ஆன்லைனில் தேடினால் விதவிதமாக வருகிறது. சிலது வெறும் இடுப்புப் பட்டை. விதியில் சொல்லியிருப்பது அதுவல்ல. குழந்தைக்குச் சட்டைபோல மாட்டும் ஒரு வெஸ்ட், அதிலிருந்து வரும் வார்கள் ஓட்டுபவரின் தோளில் ஸ்கூல் பேக் மாதிரி ஏற வேண்டும். குழந்தையின் மேலுடம்பு ஓட்டுபவரின் முதுகோடு சேர்ந்து நிற்க வேண்டும். எடை குறைவாக, அளவை மாற்றக்கூடியதாக, தண்ணீர் புகாததாக, 30 கிலோ வரை தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வாங்கும்போது தையலையும் பக்கிளையும் இழுத்துப் பாருங்கள்.

இந்த பெல்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை தூங்கிச் சாய்வதையும், ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடும்போது நழுவுவதையும், திடீரென்று கையை விட்டுவிட்டு நாயை வேடிக்கை பார்ப்பதையும் அது சமாளிக்கும். லாரியில் மோதினால் காப்பாற்றும் கவசம் அல்ல. நீங்கள் விழுந்தால் குழந்தையும் உங்களோடு விழும். அதனால்தான் பெல்ட்டோடு ஹெல்மெட்டையும் வேகக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே விதியில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் பாதிப் பாதுகாப்புதான்.

இறங்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். சிரிக்காதீர்கள், பழக்கமாகும் வரை மறந்துபோகும்.

9 மாதத்துக்கும் குறைவான கைக்குழந்தைக்கு இந்த விதியில் ஹெல்மெட் சொல்லப்படவில்லை. அந்த வயதில் கழுத்துத் தசைகள் இன்னும் வலுவாகவில்லை, ஹெல்மெட்டின் எடையையும் குலுக்கலையும் அவை தாங்காது. எனவே கைக்குழந்தையை பைக்கில் கூட்டிப்போவதைத் தவிர்ப்பதே சரி. தடுப்பூசிக்குப் போகும் அன்று ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

'வளர்ற பிள்ளை' ஹெல்மெட்டில் செல்லாது

யூனிஃபார்ம், ஷூ எல்லாம் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வீட்டு வழக்கம். 'வளர்ற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகும்' என்பார் பாட்டி. யூனிஃபார்முக்குச் சரி. ஹெல்மெட்டில் அந்தக் கணக்குப் போட்டால், விழும் அந்த நொடியில் அது தலையைவிட்டுக் கழன்று போய்விடும்.

புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இன்ச் டேப்பைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் குழந்தையையே கூட்டிப்போவது நல்லது. மாட்டியதும் தலையை இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். தலையோடு ஹெல்மெட்டும் திரும்ப வேண்டும், தலை மட்டும் உள்ளே திரும்பக் கூடாது. தாடைப் பட்டைக்குள் ஒன்றிரண்டு விரல் நுழையும் அளவு இடம் போதும். பட்டையைப் போடாமல் சும்மா கவிழ்த்து வைப்பது தொப்பி போடுவதற்குச் சமம். பைக் ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ முத்திரை, ஐ.எஸ் 4151 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு எடை குறைந்த சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது. ஆனால், ஈ.என் 1078 அல்லது ஈ.என் 1080 போன்ற தரத்தில் இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் கார்ட்டூன் படம் போட்டு விற்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

'போட மாட்டேங்குறான்' என்பதுதான் எல்லா அம்மாக்களும் சொல்வது. வீட்டுக்குள் விளையாடும்போதே பத்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். நிறத்தை அவனையே தேர்வு செய்ய விடுங்கள். முக்கியமாக, நீங்கள் போடாமல் அவனைப் போடச் சொன்னால் நடக்காது.

ஹெல்மெட் ஒழுங்காக அணிந்தால் தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவிகிதமும், உயிரிழப்புக்கான வாய்ப்பு 42 சதவிகிதமும் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு.

முன்னால் நிற்க வைப்பது...

குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் ஸ்கூட்டியின் முன்பக்கம்தான். காற்று வரும், வேடிக்கை பார்க்கலாம், ஹாரன் அடிக்கலாம். நமக்கும் கண்ணெதிரில் இருக்கிறான் என்ற நிம்மதி. ஆனால், சடாரென்று பிரேக் பிடித்தால் குழந்தையின் முகமும் நெஞ்சும் நேராக ஹேண்டில் பாரில்தான் போய் மோதும். பின்னாலிருந்து உங்கள் மொத்த எடையும் அவன் மேல் சாயும். பிரம்புக்கூடை மாதிரி முன்னால் மாட்டும் பேபி சீட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. சட்டமும் பின்னால் வருபவர் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், சரியாகப் பொருத்தப்பட்ட சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது.

இன்னொன்று, ஓடும்போதுகூட அல்ல, நிற்கும்போது நடப்பது. கடை வாசலில் இன்ஜினை ஆஃப் செய்யாமல் பால் பாக்கெட் வாங்கக் கை நீட்டுவோம். முன்னால் நிற்கும் குழந்தை விளையாட்டாக ஆக்சிலரேட்டரை முறுக்கும். கியர் இல்லாத வண்டி என்பதால் அப்படியே பாய்ந்துவிடும். இரண்டு நொடி நின்றாலும் சாவியைத் திருப்பிவிடுங்கள்.

அம்மா, அப்பா, நடுவில் குழந்தை?

இங்கேதான் சட்டமும் வாழ்க்கையும் முட்டிக்கொள்கின்றன. டூவீலரில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம். அதில் குழந்தைக்கென்று வயது விலக்கு கிடையாது. நடுவில் உட்காரும் மூன்று வயதும் மூன்றாவது ஆள்தான். கேரளாவில் 2023-ல் ஏ.ஐ கேமராக்கள் வந்தபோது இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை மூன்றாவதாகப் போனால் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று மாநில அரசு சொன்னது. மத்திய அரசு விலக்கு தர மறுத்துவிட்டது.

விதியை எழுதியவர்கள், ஒரே வண்டி வைத்திருக்கும் நான்கு பேர் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை. அதற்காக இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர் போவது பாதுகாப்பாகிவிடாது. பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். ஹேண்டிலைத் திருப்பவும் இடமிருக்காது. நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. அரசுப் பேருந்துகளில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் டிக்கெட் இல்லை. பைக்கில் அப்பாவும் பெரியவனும், பஸ்ஸில் அம்மாவும் சின்னவளும் போனால் கூடுதல் செலவு இல்லை. நேரம்தான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

காலைக் கவனியுங்கள்

பின்னால் உட்காரும் குழந்தையின் கால் ஃபுட் ரெஸ்ட்டுக்கு எட்டாது. தொங்கும் கால் ஸ்போக்ஸுக்குள் போவதால் குதிகால் கிழிவது, எலும்பு முறிவது எல்லாம் சர்வசாதாரணம். பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட் மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்பதே விதி. அழகாக இல்லை என்று சேலை கார்டைக் கழற்றிப் போட்டவர்கள் மறுபடி மாட்டிவிடுங்கள். துப்பட்டா, முந்தானை, ரெயின் கோட்டின் வார் எல்லாவற்றையும் சுருட்டி உட்கார்ந்த பிறகே வண்டி நகர வேண்டும்.

ஸ்கூல் பையைக் குழந்தையின் முதுகில் மாட்டாதீர்கள். வண்டி கிளம்பும்போது அந்த எடை பின்னால் இழுக்கும். ஸ்கூட்டியில் முன்னால் இருக்கும் கொக்கி எதற்கு இருக்கிறது!

மாலையில் வீடு திரும்பும்போது தூக்கம் சொக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டுங்கள். பதில் வரவில்லை என்றால், பிடி தளர்ந்தது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி முகம் கழுவி, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கமாகவே இருக்கட்டும். பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலது பக்கம்தான். அப்படியும் கெண்டைக்காலில் சூடு பட்டுவிட்டால் டூத் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் வந்தால் அதை உடைக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.