குரோற்றன் பாடசாலை: செல்வர் மைந்தரும் தொண்டு நெறியும்

வறிய பிள்ளைக்குக் கல்வி கிட்டச் செய்தல் அரிய பணி என்பதை எவரும் ஒப்புவர். செல்வத்திலே பிறந்து செல்வத்திலே வளரும் பிள்ளைக்கு எளிய வாழ்வையும் பிறர்க்குழைக்கும் மனப்பான்மையையும் பழக்குதல் அதனிலும் அரிது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த அரிய பணியையே நோக்கமாகக் கொண்டு ஐக்கிய அமெரிக்காவிலே 1884ஆம் ஆண்டில் ஒரு சிறிய பாடசாலை எழுந்தது. மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் தொலைவிலுள்ள குரோற்றன் என்னும் சிற்றூரில் அது அமைந்தது. ஊரின் பெயரே பாடசாலையின் பெயருமாயிற்று.

இப்பாடசாலை எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சார்ந்தது. எபிஸ்கோப்பல் என்னும் சொல் ஆயர்களால் ஆளப்படுவது என்ற பொருளைத் தரும். அமெரிக்கா விடுதலை பெற்றபின், அங்கிருந்த இங்கிலாந்துத் திருச்சபையினர் ஆங்கில மன்னரின் தலைமையினின்றும் நீங்கித் தமக்கெனத் தனி நிருவாகம் வகுத்துக்கொண்டனர். அத்திருச்சபையே இது. வழிபாட்டு முறையில் அது ஆங்கிலிக்கன் குடும்பத்துள் அடங்கும். யாழ்ப்பாணத்துப் பரியோவான் கல்லூரியும் அக்குடும்பத்தின் வழிவந்ததே என்றால், நேயர்களுக்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும்.

பாடசாலையை நிறுவியவர் என்டிக்கொற் பீபொடி என்பவர். 1857இல் சேலம் என்னும் துறைமுக நகரில் வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையாரின் வங்கித் தொழில் காரணமாகக் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தமையால், செல்றன்ஹாம் கல்லூரியிலும் கேம்பிறிட்ஜிலுள்ள திரினிற்றிக் கல்லூரியிலும் பயின்றார். தாயகம் திரும்பிச் சிலகாலம் வணிகத் துறையில் இருந்தபின், சமயப் பணியே தமக்குரியதெனத் தெளிந்து இறையியல் கற்கலானார். அக்காலத்தில், 1882இல், அரிசோனாப் பகுதியிலிருந்த ரூம்ஸ்ரோன் என்னும் சுரங்கப் பட்டினத்திற் சில மாதங்கள் தொண்டாற்றினார். துப்பாக்கிச் சண்டைக்கும் சூதாட்டத்துக்கும் பேர்போன அவ்வூரில், சூதாடிகளிடத்தும் நன்கொடை பெற்று ஓர் ஆலயம் கட்டுவித்தார். எவ்வகை மனிதரோடும் பழகும் துணிவும் தாம் கொண்டதை விடாத உறுதியும் அவரிடம் இயல்பாகவே இருந்தன.

இங்கிலாந்திலே ரக்பிப் பாடசாலையின் அதிபராயிருந்த தோமஸ் ஆர்னல்ட், மாணவரின் ஒழுக்கத்தைக் கல்வியின் முதற்பயனாகக் கொண்டவர். அந்நெறியை அமெரிக்க மண்ணிற் பதிக்க வேண்டுமென்பது பீபொடியின் அவா. லோறன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் நிலம் வழங்கினர். புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் பிலிப்ஸ் புறூக்ஸ், பெருவணிகர் ஜே. பி. மோகன் ஆகியோர் பரிபாலன சபையில் அமர்ந்தனர். முப்பதுக்கும் குறைந்த மாணவரோடு பாடசாலை தொடங்கியபோது அதிபருக்கு வயது இருபத்தேழு. ஷெறாட் பில்லிங்ஸ், வில்லியம் ஏமரி கார்டினர் என்னும் இருவர் அவருக்குத் துணையாசிரியராயினர். கார்டினர் தம் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்த பரியோவான் சிற்றாலயம் 1900ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. வட்டமான புற்றரையைச் சூழ்ந்து கட்டடங்கள் நிற்க, அவற்றிடையே உயர்ந்தோங்கும் அதன் கோபுரம் இன்றும் பாடசாலையின் அடையாளமாக விளங்குகின்றது.

மாணவர் பன்னிரண்டு வயதிற் சேர்ந்து பதினெட்டு வயதில் வெளியேறுவர், ஆறு வகுப்புகள். அவர்கள் மாளிகைகளில் வளர்ந்தவர்கள். பணியாளர் பலர் ஏவல்செய்யக் கண்டவர்கள். பாடசாலையிலோ ஒவ்வொருவருக்கும் கட்டிலொன்றும் சிறு மேசையொன்றும் கொள்ளத்தக்க குறுகிய அறையே கிடைத்தது. அவ்வறைக்குக் கதவில்லை, திரைச்சீலையே உண்டு. உடைகளைச் சுவரிலுள்ள முளைகளில் மாட்ட வேண்டும். பனிக்காலத்திலும் விடியலிற் குளிர்ந்த நீரிலே குளிக்க வேண்டும். தகரத் தட்டத்தில் முகங்கழுவுவர். காலையுணவின் பின் சிற்றாலய வழிபாடு, அதன்பின் பாடங்கள், பிற்பகலில் விளையாட்டு. இரவுணவுக்கு விறைப்பான வெள்ளைக் கழுத்துப்பட்டியும் பளபளக்கும் பாதணியும் அணிந்து வருதல் வேண்டும். கைச்செலவுக்கு வாரம் இருபத்தைந்து சதமே வழங்கப்பட்டது. அதிலும் ஐந்து சதம் ஞாயிறு காணிக்கைக்குரியது. இரவுப் படிப்பு முடிந்ததும் மாணவர் வரிசையாக வந்து அதிபருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் கைகொடுத்து விடைபெற்றே துயிலச் செல்வர். பாடசாலை ஒரு குடும்பம் என்பது பீபொடியின் கொள்கை. ஆதலாற் பாடசாலையைச் சிறிதாகவே வைத்திருந்தார். ஒவ்வொரு மாணவனின் முகத்தையும் நாள்தோறும் பார்க்கவியலாத அளவுக்கு அது பெருக அவர் இடங்கொடுக்கவில்லை.

பாடத்திட்டத்தில் இலத்தீனும் கிரேக்கமும் தலைமை பெற்றன. பிரெஞ்சு, ஜேர்மன், ஆங்கிலம், கணிதம், வரலாறு ஆகியன அவற்றைத் தொடர்ந்தன. விஞ்ஞானத்துக்குச் சிறிதளவு இடமே இருந்தது. உதைபந்தாட்டத்தில், அமெரிக்க முறைப்படி, அனைவரும் பங்குகொள்ள வேண்டும். விளையாட்டில் வல்லவனே தோழரிடத்து மதிப்புப் பெற்றான். நூலும் கலையும் விரும்பிய மெல்லிய இயல்பினர் சிலருக்கு அவ்வாண்டுகள் துன்பமாகவே கழிந்தன. ஒழுங்கு தவறிய சிறுவனை மூத்த மாணவர் சிறு பாதணிப் பெட்டியுள் மடக்கி அடைப்பதும், நீர்க்குழாயின் கீழ்த் தலையைப் பிடித்து மூச்சுத் திணறச் செய்வதும் அக்காலத்து வழக்கமாயிருந்தன. அதிபரின் இசைவோடேயே இத்தண்டனை நிகழ்ந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. மன உறுதியை வளர்ப்பதாகக் கருதப்பட்ட இம்முறை, அஞ்சி ஒடுங்கும் பழக்கத்தையும் உடன் வளர்த்தது.

இறைவனுக்குத் தொண்டு செய்தலே அரசாளுதலாம் என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடரைப் பாடசாலை தன் மகுடவாக்கியமாகக் கொண்டது. அது சுவரில் எழுதப்பட்ட வாக்கியமாய் நின்றுவிடாதவாறு, நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரியொன்றின் கரையில் 1893இல் ஒரு கோடைக்கால முகாம் தொடங்கப்பட்டது. நகரத்து வறிய சிறுவர்கள் அங்கு அழைத்துவரப்பட்டனர். அவர்களுக்கு நீச்சலும் படகோட்டலும் பழக்கி, உடனிருந்து உண்டு உறங்கிப் பணிசெய்வது குரோற்றன் மாணவரின் கடமையாயிற்று.

அவ்வாறு பணிசெய்த மாணவருள் ஒருவர் பிராங்ளின் ரூஸ்வெல்ற். அவர் 1896இல், தம் பதினான்காம் வயதில், மூன்றாம் வகுப்பிலே சேர்ந்தார். ஏனையோர் இரண்டாண்டு முன்னரே வந்து நட்புக் கொண்டுவிட்டமையால், முதலில் அயலார் போலவே இருந்தார். உதைபந்தாட்டத்திலும் சிறக்கவில்லை. எனினும் விவாத மேடையிற் பயின்றார். 1900இல் இலத்தீன் மொழிப் பரிசோடு வெளியேறினார். 1905இல் அவரது திருமணத்தை நடத்திவைத்தவர் பீபொடியே. 1932ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே பீபொடி, தம் மாணவருக்கன்றி எதிரணியினரான ஹூவருக்கே வாக்களித்தார். ஆயினும் 1933 மார்ச் 4ஆந் திகதி ரூஸ்வெல்ற் சனாதிபதியாகப் பதவியேற்குமுன் நடந்த வழிபாட்டில், மாணவரின் வேண்டுகோட்படி ஆசிரியர் வந்து பங்குகொண்டார். பின்னர், செல்வர் மீது வரிச்சுமையை ஏற்றி முதியோருக்கும் வேலையற்றோருக்கும் காப்புறுதிச் சட்டம் வகுத்த ரூஸ்வெல்ற்றைப் பழைய மாணவர் பலர் தம் வகுப்புக்கே துரோகம் இழைத்தவர் என வெறுத்தனர். பீபொடி அவ்வெறுப்புக்கு இடங்கொடாது அவர் பக்கம் நின்றார். தாம் ஆண்டாண்டாகக் கற்பித்த பாடத்தை ஒரு மாணவர் மெய்யாகவே ஏற்றுக்கொண்டதை அவர் உணர்ந்தார் போலும்.

இனி ஒரு வினா எழுகின்றது. தொண்டைப் போற்றும் பாடசாலையின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது? நெடுங்காலம் அது செல்வர்தம் வெள்ளையின ஆண்மக்களுக்கே திறந்திருந்தது. வறியோர் கோடைக்கால முகாமுக்கு அழைக்கப்பட்டனர். வகுப்பறைக்கு அழைக்கப்பட்டோர் மிகச் சிலரே. ஐம்பத்தாறு ஆண்டுகள் அதிபராயிருந்து 1940இல் பீபொடி ஓய்வுபெற்றபின், பழைய மாணவரான ஜோன் குறொக்கர் அப்பதவியை ஏற்றார். கறுப்பின மாணவரைச் சேர்க்கும் வழக்கத்தை அவர் 1950களின் தொடக்கத்திலேயே ஏற்படுத்தினார். பொதுப் பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாதென அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இலேயாம். சட்டம் பணிக்குமுன்னரே ஒரு தனியார் பாடசாலை இதனைச் செய்தமை குறிப்பிடத்தக்கது. 1965இல் மாட்டின் லூதர் கிங் பொஸ்ரனில் நடத்திய ஊர்வலத்தில் குறொக்கரும் மாணவர் பலரும் நடந்து சென்றனர். பெண்பிள்ளைகள் 1975இற் சேர்க்கப்பட்டனர். ஆண்டு வருமானம் 75,000 டொலருக்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயிலலாம் என 2007இற் பாடசாலை அறிவித்தது. பெருந்தொகையான கட்டணத்தை மேலும் உயர்த்தாது சில ஆண்டுகள் நிறுத்திவைக்கும் திட்டமும் 2014இல் வகுக்கப்பட்டது.

இன்று அங்கு பயில்வோர் நானூறுக்கும் குறைந்தவரே. குளிர்நீர்க் குளியலும் பாதணிப் பெட்டியும் பழங்கதையாயின. சிற்றாலயத்தில் ஒருங்குகூடும் வழக்கமோ நிலைத்திருக்கின்றது. செல்வர் மைந்தரை எளிமையிற் பழக்கலாம் என்பதைப் பீபொடியின் காலம் ஓரளவு காட்டியது. வறியோர்க்கு உதவும்படி மாணவனுக்குக் கற்பித்தல் ஒன்று. வறியோன் மகனை அவனருகே ஒரே வாங்கில் இருத்திக் கற்பித்தல் மற்றொன்று. முதலாவதினின்று இரண்டாவதுக்கு வந்து சேரக் குரோற்றனுக்கு இரண்டு தலைமுறைகளுக்கு மேற் சென்றன. கல்விக்கூடங்களை நடத்துவோரும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரும் சிந்திக்க வேண்டியது அந்த இடைவெளியையே எனலாம்.