உடல்வித்தையும் உயர்கல்வியும்

நம் நாட்டில் சர்வகலாசாலை புகுவோரின் விதியைப் பெரும்பாலும் ஒரு பரீட்சையின் பெறுபேறே தீர்மானிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ படிப்புடன் விளையாட்டுத் திறனும் சேர்ந்து ஒரு மாணவிக்குக் கலாசாலையின் கதவைத் திறந்துவிடுதல் உண்டு. ஜிம்னாஸ்டிக் எனப்படும் உடல்வித்தையில் தேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி அந்த வாயிலை எவ்வாறு அடைகின்றாள் என்பதையும், வழியில் அவள் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதையும் இன்று நோக்குவோம்.

கல்வியிலே பால் வேறுபாடு காட்டலாகாது என்று விதித்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கப் பெண்களின் விளையாட்டுக்குப் பெருந்துணை புரிந்தது. 1982இல் தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் வாகைப் போட்டியை முதன்முதலாக நடத்தியது. யூட்டா சர்வகலாசாலை அதில் வென்றது. இன்று அச்சங்கத்தின் முதற் பிரிவில் ஏறத்தாழ 60 பெண்கள் அணிகள் உள்ளன. ஆண்களுக்கோ எல்லாப் பிரிவுகளையும் கூட்டினாலும் 20 அணிகள் தேறா. ஆகவே ஆண்பிள்ளைகளுக்கு இவ்வழி இன்னும் ஒடுங்கியது.

இத்துறையில் ஏறிச்செல்ல 10 படிகள் உண்டு. முதற் பிரிவு அணிகள் பெரும்பாலும் பத்தாம் படியை எட்டியவர்களையோ, அதற்கும் மேலான சர்வதேசத் தரத்தினரையோ நாடுகின்றன. ஆயினும் பயிற்றுநர்கள் படியை மட்டும் பார்ப்பதில்லை. தாண்டுமேசை, உயரம் வேறுபட்ட இரு சலாகைகள், சமநிலைச் சட்டம், தரைப்பயிற்சி என்னும் நான்கிலும் ஒவ்வோர் அணியும் அறுவரை இறக்குகின்றது. அவர்களுள் ஐவரின் புள்ளிகள் கணக்கிற் சேரும். ஒரு பயிற்சிக்கு உச்சப் புள்ளி 10. அரிய வித்தையொன்றைச் செய்து தடுமாறுபவளைவிட, அளவான வித்தையை வாரந்தோறும் பிசகின்றிச் செய்து, அசையாது நிலத்தில் நிற்பவளே அணிக்குப் பயன்படுவாள். சலாகையிலும் சட்டத்திலும் மட்டுமே சிறந்தவளுக்கும் இதனால் இடமுண்டு.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்வோம். முன்னர் எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுமியரே இன்ன கலாசாலைக்குச் செல்வதாக வாய்ச்சொல் கொடுத்துவந்தனர். பதின்மூன்று, பதினான்கு வயதிற் கொடுத்த சொல்லைப் பதினெட்டு வயதுவரை உடலும் மனமும் காத்தல் எளிதன்று. 2019இல் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் யூன் 15ஆந் தேதிக்கு முன்னர், சேர்க்கை குறித்துப் பயிற்றுநர் மாணவியுடன் உரையாடலாகாது. கலாசாலையின் செலவிற் சென்று பார்வையிடும் பயணம் பதினோராம் வகுப்புக்கு முந்திய ஓகஸ்ட் முதலாந் தேதியிலிருந்தே தொடங்கலாம்.

இவ்விதியை அறியாத பெற்றோர் வீணே மனம் உடைவதுண்டு. மகள் கடிதம் எழுதினாள், காணொளி அனுப்பினாள், மறுமொழி இல்லையே என்று வருந்துவர். அம்மௌனம் மறுப்பன்று, மறுமொழி கூற விதி இடந்தரவில்லை, அவ்வளவே. மாணவி எழுதுவதைத் தடுக்கும் விதி ஏதுமில்லை. ஆதலால் அவள் தன் பெயர், வகுப்பு, படிப்பின் நிலை, போட்டிப் புள்ளிகள், சுருக்கமான காணொளி ஆகியவற்றை முன்னரே அனுப்பி, ஒவ்வொரு பருவத்திலும் புதுப்பித்து வருதல் நன்று. கடிதத்தை அவளே எழுதுதல் வேண்டும். தந்தையின் நடையும் தாயின் புகழுரையும் பயிற்றுநருக்கு எளிதில் தெரிந்துவிடும்.

படிப்பை ஒதுக்கிவிட்டு வித்தையால் மட்டும் உள்ளே புகமுடியாது. முதற் பிரிவிற் போட்டியிட விரும்புபவள் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி முதலியவற்றில் 16 அடிப்படைப் பாடநெறிகளை முடித்து, அவற்றில் 4க்கு 2.3 என்னும் சராசரியையேனும் பெறவேண்டும். அவற்றுள் பத்தினை இறுதி வகுப்புத் தொடங்குமுன்னரே முடித்தாக வேண்டும். கடைசி ஆண்டில் விழித்துக்கொள்பவளுக்குக் காலம் கைகொடாது. மேலும், இது போட்டியிடுவதற்கான தகுதி மாத்திரமே. கலாசாலையின் அனுமதிக்கு இதனினும் உயர்ந்த பெறுபேறு வேண்டியிருக்கலாம்.

அடுத்தது பணம். பல கலாசாலைகளில் ஓராண்டுச் செலவே பல்லாயிரம் டொலர். நெடுங்காலமாக முதற் பிரிவுப் பெண்கள் அணியொன்றில் 12 பேருக்கு முழுப் புலமைப்பரிசில் வழங்கலாம் என்றிருந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடொன்று இதனை மாற்றியது. அதன்படி நடக்கும் கலாசாலைகளில் அணியின் தொகைக்கு 20 பேர் என்ற எல்லை உண்டு. உதவியை முழுதாகவோ பகுதியாகவோ பகிரலாம். மூன்றாம் பிரிவுக் கலாசாலைகளோ விளையாட்டுக்கென உதவிப்பணம் வழங்குவதில்லை. ஹாவர்ட், யேல் முதலிய எட்டுக் கலாசாலைகளின் குழுவிலும் அவ்வாறே. அங்கே குடும்ப வருவாயை நோக்கிய உதவியே உண்டு.

ஆகவே "உனக்கு இடமுண்டு" என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. உதவி முழுதா, பகுதியா? எத்தனை ஆண்டுக்கு? காயமுற்றால் தொடருமா? இவற்றை எழுத்திற் பெறுதல் வேண்டும். வாய்ச்சொல் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. பயிற்றுநர் வேறிடம் போகலாம்; வேறு கலாசாலையிலிருந்து தேர்ந்த வீராங்கனை ஒருத்தி மாறிவந்து அவ்விடத்தைப் பெறலாம்.

முன்னர் புகழ்பெற்ற வீராங்கனையர்க்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. விளம்பரத்தாற் பொருளீட்டினால் கலாசாலைப் போட்டியை இழக்கவேண்டும். சிமோன் பைல்ஸ் 2015இல் தொழில்முறையைத் தெரிந்து, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை அணியைக் கைவிட்டார். 2021 யூலையில் அத்தடை நீங்கியது. அவ்வாண்டே ஒலிம்பிக் தங்கம் வென்ற சுனி லீ, ஓபர்ன் சர்வகலாசாலைக்காகவும் ஆட முடிந்தது.

எல்லாவற்றிலும் மேலானது பிள்ளையின் நலம். பல பெண்களைத் துன்புறுத்திய வைத்தியர் ஒருவர் 2018இல் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் ஒரு பெரிய சர்வகலாசாலையிலும் தேசிய அணியிலும் பணியாற்றியவர். அதன்பின் எந்தப் பெற்றோரும் சில வினாக்களைக் கேளாதிருத்தல் தகாது. காயமுற்றவளை மீண்டும் ஆடவிடலாம் என்று முடிவு செய்பவர் யார்? உணவையும் உடல் எடையையும் பற்றி அவ்வணியில் எவ்வாறு பேசுகிறார்கள்? முறைப்பாடு செய்ய விரும்பும் மாணவி யாரிடம் செல்வாள்? இவற்றுக்குரிய விடையைப் பயிற்றுநர் இல்லாத வேளையில் அணியின் மாணவியரிடம் கேட்டறிதல் மேலும் நன்று.

பெரும்பாலோர்க்கு இவ்வித்தை கலாசாலையோடு முடிந்துவிடும். பத்துச் சதமமீற்றர் அகலமுள்ள சட்டத்தில் நடந்த கால்கள் இருபத்திரண்டு வயதில் வேறு பாதையில் நடக்கத் தொடங்கும். அப்போது கையில் எஞ்சுவது பட்டமும் தேறிய உடம்புமே. ஆதலின் தெரிவு செய்யுமுன் மாணவி தன்னைத்தானே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: "நாளையே கால் முறிந்து, இனி ஒரு நாளும் ஆடமுடியாது போனால், இக்கலாசாலையிலேயே தங்கிப் படிக்க விரும்புவேனா?" ஆம் என்று அவள் மனம் தயங்காது சொல்லுமாயின், அக்கலாசாலையை அவள் துணிந்து தெரிவு செய்யலாம்.