பாட்டனுக்குப் பாட்டன் யார்?

தமிழகத்தை விட்டு மைசூருக்கு வந்து மூன்று தலைமுறைகள் கடந்துவிட்ட குடும்பத்தில் ஒரு சிறுவனை அழைத்து, "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். "அக்ரஹாரம்" என்றே பெரும்பாலும் விடை வரும். அதில் பிழை ஒன்றுமில்லை. பிறந்து வளர்ந்த இடமே ஒருவனுக்கு ஊர். ஆனால் அதற்கு முந்திய ஊர் எது, அங்கே நம் முன்னோர் எத்தொழில் செய்து பிழைத்தனர் என்ற வினாவுக்கு, வீட்டுப் பெரியவர்களே தயங்கி விடை கூறும் காலம் வந்துவிட்டது. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

"அரசர்க்கும் ஜமீன்தார்க்கும் வம்சாவளி உண்டு, கிராமத்துக் கொல்லனுக்கும் தச்சனுக்கும் அது ஏது?" என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு இங்கிலாந்து நாட்டுக் கிராமத் தொழிலாளி ஒருவரின் வரலாறே சான்று பகரும். நார்த்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761-ஆம் ஆண்டு ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் வில்லியம் கேரி. பதினான்கு வயதளவில், அண்டைக் கிராமமாகிய பிடிங்டனில் ஒரு காலணித் தொழிலாளியிடம் வேலை பயிலச் சேர்ந்தார். 1781-ல் அவ்வூர்த் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் டாரதி எழுத்தறியாதவர். ஆகவே, பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறலிட்டார். இந்தக் கேரிதான் 1793-ல் வங்காளம் வந்து, பின்னர் ஸ்ரீராம்பூரில் அச்சுக்கூடம் நடத்தி, பல இந்திய மொழிகளில் நூல்கள் அச்சேறக் காரணமாயிருந்தவர்.

கேரி புகழ் பெற்றதனால்தான் அவர் குடும்பச் செய்தி நமக்குக் கிடைத்தது என்று கூறலாம். ஆயினும் புகழ் பெறாத ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பெயர்களும் அதே ஏடுகளில் உள்ளன. இங்கிலாந்தில் 1538 முதல் ஊர்தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்குமாறு ஆணை பிறந்தது. 1754 முதல் மணமக்கள் இருவரும் கையெழுத்தோ கைக்குறியோ இடவேண்டுமென்பது சட்டமாயிற்று. 1710-லிருந்து, தொழில் பயிலச் சேரும் பிள்ளைகளின் ஒப்பந்தங்களுக்கு அரசு வரி விதித்தமையால் அவற்றுக்கும் கணக்கு ஏற்பட்டது. 1841-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு வீடுதோறும் பெயரையும் தொழிலையும் குறித்தது. செல்வந்தரைப் போற்றும் நோக்கமின்றி, வரிக்காகவும் வழக்கத்துக்காகவும் எழுதிய கணக்குகளே ஏழையின் பெயரைக் காத்தன.

நம் நிலை சற்று வேறு. நம் நாட்டில் 1871-72 முதல் குடிமதிப்பு நடைபெறினும், அச்சேறியவை தொகைகளேயன்றித் தனி மனிதர் பெயர்களல்ல. பிறப்பையும் இறப்பையும் நாடெங்கும் ஒரே சீராகக் கட்டாயமாகப் பதியச் செய்யும் சட்டம் 1969-ல்தான் வந்தது. மேலும், ஆங்கிலேயருக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர் தொடர்கிறது. நமக்கோ தகப்பனார் பெயர் முன்னெழுத்தாகி, மகன் காலத்தில் மாறிவிடுகிறது. எனினும் அம்முன்னெழுத்தே சில வேளை வழிகாட்டியாகும். மைசூரில் வாழ்ந்து எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண் அவர்களின் பெயரில் முதலெழுத்து ராசிபுரத்தையும், இரண்டாம் எழுத்து தந்தையாராகிய கிருஷ்ணசாமியையும் குறிப்பன. உங்கள் வீட்டுப் பழைய கடிதங்களில் இரண்டு முன்னெழுத்துகள் காணப்பட்டால், அவற்றின் பொருளை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பத்திரங்களைத் தேடுக. 1865 முதல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் பயனாக, நிலம், வீடு பற்றிய கிரயப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகங்களில் நகலாகத் தங்கியுள்ளன. பழைய தமிழ்ப் பத்திரங்களில், இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர், இன்ன மதம், இன்ன ஜீவனம் என்று எழுதும் வழக்கமிருந்தது. ஒரே வரியில் தகப்பன் பெயரும் தொழிலும் ஊரும் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி!

சொத்தற்றவர்க்கும் வழியுண்டு. கிராமத் தச்சன், கொல்லன், குயவன், நாவிதன், வண்ணான் முதலியோருக்கு ஊழியத்தின் பொருட்டு மானிய நிலம் விடுவது பழைய முறை. சென்னை மாகாணத்தில் 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் அத்தகைய மானியங்களை ஆராய்ந்து, முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவிப்பவர் யார், இருவருக்கும் உறவு என்ன என்றெல்லாம் பதிவேடுகளில் எழுதியது. அவ்வேடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் காணலாம்.

அரசாங்கக் கணக்கைவிட நெருக்கமானது குலதெய்வக் கோயில் கணக்கு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டுப் புத்தகத்தில் பங்காளிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களின் வாயிலாகத் திருமணங்களைப் பதிந்து வருவதும், இசைபிடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதுவதும் பலரும் அறிந்ததே. ஹரித்துவாரத்திலும் கயையிலும் பண்டாக்கள் யாத்திரிகரின் வம்சத்தை ஏட்டில் எழுதி வைத்துள்ளனர்.

கடல் கடந்தோரின் சுவடும் அழியவில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் ஆகியவை உள்ளன. மொரீஷியஸ் நாட்டின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையமும் இத்தகைய ஏடுகளைப் பாதுகாக்கிறது. ஒரு குடும்பத்தில் தம்பி மைசூருக்கும் அண்ணன் கடல் கடந்தும் போயிருக்கக்கூடுமன்றோ?

தேடும்போது சில எச்சரிக்கைகள் தேவை. நம்மவர் பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவதால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும். ஆண்டையும் மனைவியின் பெயரையும் சேர்த்துக் குறித்தாலன்றி, பாட்டனும் பேரனும் ஒருவராய்க் குழம்பிவிடுவர். பெண்களின் பெயர்கள் ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுமாதலின், பாட்டிமாரிடம் அவர்தம் தாயார், தாயாரின் தாயார் பெயர்களைக் கேட்டு எழுதுவது மிக அவசியம். செவிவழிச் செய்தியையும் ஏட்டில் கண்ட செய்தியையும் தனித்தனியே எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உண்மை. கிடைத்த மூதாதை கருமானாயிருக்க, அவரை அரண்மனைத் தளபதியாக்க மனம் விழையலாம். அவர் கடன்பட்டு ஊரை விட்டிருக்க, அதை மறைக்கத் தோன்றலாம். அவ்விரண்டுக்கும் இடங்கொடாதீர்கள். பெரிய மனிதர் விருந்தொன்றில், கேரி முன்பு காலணி செய்பவராயிருந்தாரா என்று ஒருவர் ஏளனமாகக் கேட்க, செய்பவனல்லன், பழையதைச் செப்பனிடுபவனே என்று அவர் விடை கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. தொழிலை மறைக்காதவனுக்கு எவர் முன்னும் தலை குனியும் அவசியமில்லை. கடன்பட்டு வெளியேறியவரின் துணிவால்தான் நாம் இன்று இங்கே நல்வாழ்வு வாழ்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

தசராவுக்குப் பெயர் பெற்ற இந்நகரில் நாம் ஆண்டுதோறும் ஆயுத பூஜை செய்கிறோம். தொழிற் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அடுத்த பூஜைக்கு முன்பாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதற்பக்கத்தில் மூத்தவரின் வாய்மொழியைத் தேதியிட்டு எழுதுங்கள். ஊர், தொழில், தெய்வம், நான்கு தலைமுறைப் பெயர்கள், இவை போதும். ஏடுகள் பிறகும் காத்திருக்கும்; பெரியவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.